இரண்டு சாட்சிகள்

வருஷந்தோறும் ஏப்ரல் மாதம் 15-ந் தேதி முதல் ஜூன் மாதம் 14-ந் தேதி வரையில் நமது கிழக்குக் கடலில் விசைப்படகுகள் மீன் பிடிக்கப் போகக் கூடாது என்பது சட்டம். மீன்கள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காலத்தில் அவற்றை நிம்மதியாக விட்டு வைக்க வேண்டும் என்பதற்காகத் தமிழ்நாட்டில் 2001-ம் வருஷம் 45 நாள் தடையாக ஆரம்பித்த இந்த ஏற்பாடு, 2017-ம் வருஷம் முதல் 61 நாளாக நீண்டிருக்கிறது. அந்த நாட்களில் இராயபுரத்தை அடுத்த காசிமேட்டுத் துறைமுகத்துக்குப் போய்ப் பார்த்தால், படகுகள் வர்ணம் பூசிக்கொள்வதையும், வலைகள் பழுது பார்க்கப்படுவதையும், யந்திரங்கள் அக்கக்காகப் பிரித்துப் போடப்பட்டிருப்பதையும் காணலாம். மனிதர்களுக்குத் தீபாவளி எப்படியோ, படகுகளுக்கு இந்த இரண்டு மாதமும் அப்படித்தான். எண்ணெய் ஸ்நானமும் உண்டு. புதுத் துணியும் உண்டு. அதற்காக வாங்கிய கடனும் உண்டு!

தீபாவளிக்குப் புது நகை வாங்குவதுபோல, இந்தச் சமயத்தில் படகுக்காரர்கள் சில புதுக் கருவிகளும் வாங்கிப் பூட்டுவார்கள். அவற்றில் முக்கியமான ஒன்று, கடலின் ஆழத்தையும் நீருக்கடியில் திரியும் மீன் கூட்டத்தையும் கண்ணாடித் திரையில் காட்டும் யந்திரம். எக்கோ சவுண்டர் என்றும், பிஷ் பைண்டர் என்றும் அதற்குப் பெயர். புது யந்திரம் வந்துவிட்டதே என்று பழையதைக் கழற்றி எறிந்துவிட முடியுமா? அதுவும் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? ஆகவே, 'ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும். ஒன்று பழுதானால் மற்றொன்று கை கொடுக்கும்' என்று இரண்டையும் வைத்துக்கொள்கிறார்கள். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் கடலுக்குப் போய் இரண்டையும் ஒருங்கே முடுக்கினால், சில படகுகளில் ஒரு விந்தை நடக்கிறது. தனித்தனியே ஒழுங்காகச் சாட்சி சொல்லிவந்த இரண்டு யந்திரங்களும் சேர்ந்தாற்போல் பொய் சொல்ல ஆரம்பித்துவிடுகின்றன! திரை முழுவதும் மழைத் தூறல் போன்ற புள்ளிகள். குறுக்கே சாய்வாக ஓடும் கோடுகள். மீன் இல்லாத இடத்தில் மீன். பாறை இல்லாத இடத்தில் பாறை.

"எங்கள் வீட்டில் படகும் இல்லை, வலையும் இல்லை, இந்த விஷயம் எங்களுக்கு எதற்கு?" என்று நேயர்கள் கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் காசிமேட்டுக்குப் பை எடுத்துக்கொண்டு புறப்படுகிறவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மீனைக் கண்ணால் பாராத குடும்பங்களுக்கும் இதில் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறோம். முதலில் இந்த யந்திரம் என்ன செய்கிறது என்று பார்க்கலாம்.

முற்காலத்தில் கடலின் ஆழத்தைக் கயிற்றின் நுனியில் ஈயக் குண்டைக் கட்டி இறக்கி அளந்தார்கள். இரண்டு கைகளையும் அகல விரித்த அளவு ஒரு பாகம். இத்தனை பாகம் கயிறு இறங்கிற்று என்றால் இத்தனை பாகம் ஆழம். கணக்கில் குற்றமில்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் குண்டை இறக்கி ஏற்றுவதற்குள் பொழுது போய்விடும். கயிற்றுக்குப் பதிலாகச் சப்தத்தை இறக்கினால் என்ன என்பதுதான் இருபதாம் நூற்றாண்டின் யோசனை. நீரில் சப்தம் எவ்வளவு வேகமாய்ச் செல்லும் என்பதை அதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். 1826-ம் வருஷத்தில் ஜினீவா ஏரியில் கொலடோன், ஸ்டர்ம் என்ற இருவர் இரண்டு ஓடங்களில் வெகு தூரம் விலகி நின்றார்கள். ஓர் ஓடத்தில் நீருக்கடியில் மணி அடிக்கும் அதே க்ஷணத்தில் வெடிமருந்தையும் கொளுத்தினார்கள். மற்ற ஓடத்திலிருந்தவர் வெளிச்சத்தைக் கண்ட நேரத்துக்கும், நீருக்குள் இறக்கிய குழாய் வழியே மணியோசையைக் கேட்ட நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கெடுத்தார். விநாடிக்கு 1,435 மீட்டர் என்று விடை கிடைத்தது. கடல் நீரில் வேகம் இன்னும் சற்று அதிகம். சுமார் 1,500 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். காற்றில் செல்வதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல்.

படகின் அடியில் டிரான்ஸ்டியூசர் என்னும் சிறிய வில்லை ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். யந்திரத்துக்கு வாயும் அதுவே, காதும் அதுவே. அது ஒரு 'டிக்' என்ற ஓசையைக் கீழ் நோக்கி அனுப்பிவிட்டு மௌனமாகக் காத்திருக்கும். ஓசை கடலடியில் பட்டு எதிரொலியாகத் திரும்பி வரும். போகவர பத்தில் ஒரு விநாடி ஆயிற்று என்றால், ஓசை நடந்த தூரம் 150 மீட்டர். ஆகவே ஆழம் 75 மீட்டர். நடுவழியில் மீன் கூட்டம் இருந்தால் அதிலிருந்தும் ஒரு சிறு எதிரொலி முன்னதாகவே வந்து சேரும். மீனின் வயிற்றில் இருக்கும் காற்றுப் பைதான் பெரும்பாலும் இந்த எதிரொலியைக் கொடுக்கிறது.

ஆழம் பார்ப்பதற்கென்று ஏற்பட்ட இந்தக் கருவியை மீன் பார்ப்பதற்கென்று திருப்பிக் கடைக்குக் கொண்டுவந்த பெருமை ஜப்பானில் நாகசாகிப் பிரதேசத்தைச் சேர்ந்த புருனோ சகோதரர்களுக்கு உரியது. மீன் கூட்டம் உள்ள இடத்தில் நீர்க்குமிழிகள் எழும் என்று அனுபவமுள்ள மீனவர் ஒருவர் சொன்னதிலிருந்து அவர்களுக்கு யோசனை உதித்ததாகச் சொல்வார்கள். யுத்தத்தில் மிஞ்சிப்போன கருவிகளை வைத்துக்கொண்டு சோதனை செய்து 1948-ம் வருஷத்தில் வெற்றி கண்டார்கள்.

மேற்படி 'டிக்' ஓசை நம் காதுக்குக் கேட்காது. மனிதர் காது விநாடிக்கு 20,000 அதிர்வுகளோடு நின்றுவிடுகிறது. இந்த யந்திரங்களோ பெரும்பாலும் இரண்டு சுருதிகளில் பேசுகின்றன. ஒன்று 50 கிலோஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50,000 அதிர்வுகள். மற்றொன்று 200 கிலோஹெர்ட்ஸ். கனத்த சுருதியாகிய 50 வெகு ஆழம் வரையில் இறங்கும். ஆனால் நுணுக்கமாகக் காட்டாது. மெல்லிய சுருதியாகிய 200 நுணுக்கமாகக் காட்டும். ஆனால் அதிக ஆழத்துக்குப் போக மாட்டாது.

இப்போது தொல்லைக்கு வருவோம். ஒரே படகில் இரண்டு வில்லைகள் மூன்று மீட்டர் இடைவெளியில் இருப்பதாகவும், இரண்டும் 200 கிலோஹெர்ட்ஸில் பேசுவதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் யந்திரம் 'டிக்' என்று சொல்லிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறது. 75 மீட்டர் கீழே போய்த் திரும்பும் எதிரொலி மிகவும் க்ஷீணித்துப் போயிருக்கும். அந்த மெல்லிய குரலுக்காக அது காத்திருக்கும் சமயத்தில், பக்கத்திலிருக்கும் இரண்டாவது யந்திரம் தன் முழுத் தொண்டையோடு 'டிக்' என்கிறது. முதல் யந்திரத்துக்கு அது தன்னுடைய எதிரொலியா, அடுத்தவர் குரலா என்று எப்படித் தெரியும்? சுருதி ஒன்றுதானே? ஆகவே, 'இந்த ஆழத்தில் ஏதோ இருக்கிறது' என்று திரையில் ஒரு புள்ளி வைத்துவிடுகிறது.

சாய்வான கோடுகள் எப்படி உண்டாகின்றன என்பது இன்னும் சுவாரஸ்யமானது. முதல் யந்திரம் 0.200 விநாடிக்கு ஒரு தடவையும், இரண்டாவது 0.201 விநாடிக்கு ஒரு தடவையும் ஒலிப்பதாகக் கொள்வோம். இரண்டு சுவர்க் கடிகாரங்களை அருகருகே மாட்டினால், சிறிது நேரம் சேர்ந்து அடித்துப் பிறகு மெல்ல மெல்ல விலகுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான் இங்கும். அடுத்தவர் குரல் ஒவ்வொரு தடவையும் ஆயிரத்தில் ஒரு விநாடி தாமதமாக வருகிறது. யந்திரத்தின் கணக்கில் அது முக்கால் மீட்டர் ஆழம். ஆகவே பொய்ப் புள்ளி ஒவ்வொரு தடவையும் முக்கால் மீட்டர் கீழே இறங்குகிறது. 75 மீட்டர் ஆழம் காட்டும் திரையில் அது மேலிருந்து கீழ் வரையில் ஒரு சாய்ந்த கோடாக இருபது விநாடியில் ஓடி முடிந்துவிடும். பிறகு கொஞ்ச நேரம் ஓய்வு. பிறகு மறுபடியும் கோடு. இப்படி ஒழுங்காக வந்து போகிற சாய்கோட்டைக் கண்டால், கடலில் கோளாறு இல்லை, படகில்தான் கோளாறு என்று ஏறக்குறைய நிச்சயமாகச் சொல்லிவிடலாம்.

'போகட்டுமே, திரையில் நாலு புள்ளி அதிகம் விழுந்தால் குடி முழுகிப் போய்விடுமா?' என்று நினைக்கலாகாது. காசிமேட்டு விசைப்படகு ஒன்று கடலுக்குப் போனால் பத்து நாள், இரண்டு வாரம் தங்கிவிட்டு வருவது சாதாரணம். ஆயிரக்கணக்கான லிட்டர் டீசல், பனிக்கட்டி, எட்டுப் பத்து ஆட்களின் உழைப்பு, அவர்கள் வீட்டு அடுப்பு எல்லாம் அந்தத் திரையை நம்பிக் கிடக்கின்றன. பொய் மீனை நம்பி வலை இறக்கினால் டீசல் நஷ்டம். அதைவிடப் பெரிய அபாயம் வேறு இருக்கிறது. பத்துத் தடவை பொய் சொன்ன யந்திரத்தை டிரைவர் பதினோராந் தடவை நம்ப மாட்டார். 'இதுவும் அந்தக் கோடுதான்' என்று அலட்சியமாக இருக்கும் அந்தப் பதினோராந் தடவை, கீழே நிஜமாகவே பாறையோ, மூழ்கிய கப்பலோ இருந்தால்? இழுத்துக்கொண்டு போகிற வலை அதில் மாட்டிக் கிழியும். சில சமயம் படகுக்கே ஆபத்து வரும்.

பரிகாரம் என்ன? நியாயஸ்தலத்தில் சாட்சிகளை எப்படி விசாரிக்கிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். ஒருவர் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லும்போது மற்றவரை வெளியே நிறுத்திவிடுவார்கள். ஒருவர் பேச்சு மற்றவர் காதில் விழுந்தால் இரண்டு சாட்சிகள் இருந்தும் ஒரு சாட்சிக்குக்கூடச் சமானமில்லை. இந்த யந்திரங்களையும் அப்படித்தான் பிரித்து வைக்க வேண்டும். சுருதியால் பிரிக்கலாம்; இடத்தால் பிரிக்கலாம்; காலத்தால் பிரிக்கலாம்.

சுருதியால் பிரிப்பது முதல் வழி. மிகவும் எளிய வழியும் அதுவே. ஒரு யந்திரத்தை 50-லும் மற்றதை 200-லும் வைத்துவிட்டால் பெரும்பாலும் சண்டை தீர்ந்தது. ஒன்று ஆழத்துக்கு, மற்றது நுணுக்கத்துக்கு என்று வேலையும் பங்காகிவிடும். புது மாதிரி யந்திரங்களில் சில, ஒரே சுருதியில் பேசாமல் ஒரு சுருதியிலிருந்து மற்றொன்றுக்கு ஏறிக்கொண்டே பேசுகின்றன. 'சர்ப்' என்று அதற்குப் பெயர். சங்கீத வித்துவான் கீழ் ஷட்ஜத்திலிருந்து மேல் ஷட்ஜத்துக்கு இழுப்பதுபோல! அத்தகைய யந்திரங்களில், ஒன்று 42 முதல் 65 கிலோஹெர்ட்ஸ் வரையில் பாடினால் மற்றது 130 முதல் 210 வரையில் பாடும்படி, ஒருவர் எல்லைக்குள் ஒருவர் நுழையாமல் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இடத்தால் பிரிப்பது இரண்டாவது வழி. வில்லைகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகப் பொருத்தக் கூடாது. படகின் அடிமரத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று வைத்தால் நடுவில் அடிமரமே திரைபோல் நின்று ஓரளவு மறைக்கும். முன்னும் பின்னுமாக விலக்கியும் வைக்கலாம். இரண்டும் நேரே கீழ் நோக்கியிருக்க வேண்டும். சாய்ந்திருந்தால் ஒன்றின் ஓசை மற்றதன் பக்கம் திரும்பும். விசிறிக்கு அருகிலும், அலை மோதி நுரை ஓடும் இடத்திலும் வைத்தால் குமிழிகளே பொய்ச் சாட்சி சொல்லும். படகு கரையேறியிருக்கும் தடைக் காலத்திலேயே இதைச் செய்துகொள்வது உசிதம். வில்லையின் முகத்தில் ஒட்டியிருக்கும் சிப்பியையும் பாசியையும் அப்போதே மெதுவாக நீக்கிவிடலாம்.

காலத்தால் பிரிப்பது மூன்றாவது வழி. அவசியமில்லாத யந்திரத்தின் ஓசையை நிறுத்தி வைத்து, வேண்டும்போது மட்டும் பேச விடலாம். செலவில்லாத வழி இது. விலை உயர்ந்த யந்திரங்களில் இரண்டையும் ஒரு கம்பியால் இணைத்து, ஒன்று தாளம் போட மற்றது அதற்கு இசைய ஒலிக்கும்படி செய்யலாம். இரண்டும் ஒரே க்ஷணத்தில் பேசினால், அடுத்தவர் கூச்சல் தன் கூச்சலோடு சேர்ந்து திரையின் மேல் விளிம்பிலேயே அடங்கிவிடும். எதிரொலி வரும் நேரத்தில் அமைதி நிலவும். ஒலிக் கருவிகள் பல உள்ள ஆராய்ச்சிக் கப்பல்களில் இப்படித் தாளம் போடுவதற்கென்றே தனிக் கருவி வைத்திருப்பதும் உண்டு.

இவை தவிர, யந்திரத்துக்குள்ளேயே 'குறுக்கீட்டை நீக்கு' என்று ஒரு விசை இருக்கும். அதன் தந்திரம் சாமர்த்தியமானது. ஒரு புள்ளி அடுத்தடுத்த தடவைகளில் அதே ஆழத்தில் வந்தால் நிஜம். ஒரு தடவை இங்கும் மறு தடவை அங்கும் வந்தால் பொய் என்று தள்ளிவிடும். ஆனால் இதிலும் ஜாக்கிரதை வேண்டும். ஒரே ஒரு தடவை பளிச்சென்று தோன்றி மறையும் சிறு மீனையும் அது பொய் என்று தள்ளிவிடக்கூடும். கூச்சல் இல்லாதபோது அந்த விசையை மூடி வைப்பதே நலம்.

குற்றவாளி யார் என்று கண்டுபிடிப்பதற்கும் முறை உண்டு. கோடுகள் தோன்றியதும், முதலில் இரண்டாவது யந்திரத்தை அணையுங்கள். கோடு மறைந்துவிட்டால் குற்றவாளி அதுதான். மறையாவிட்டால், படகின் மற்ற மின்சார சாமான்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். பாட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் யந்திரம், வயர்லெஸ், இன்வர்ட்டர், எல்.இ.டி. விளக்குகள் எல்லாம் சந்தேகத்துக்கு உரியவை. எஞ்சின் வேகம் ஏற ஏறப் புள்ளிகளும் ஏறினால், கியரை எடுத்துவிட்டு எஞ்சினை மட்டும் அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். அப்போது புள்ளிகள் நின்றால் குற்றம் விசிறியுடையது. நிற்காவிட்டால் எஞ்சினுடையது அல்லது அதன் மின்சாரத்தினுடையது. வில்லையிலிருந்து வரும் கம்பியை எஞ்சின் கம்பிகளோடு சேர்த்துக் கட்டுவது பலரும் செய்யும் தவறு. இடம் மிச்சம் என்று அப்படிக் கட்டினால், அங்கே ஓடும் மின்சாரத்தின் இரைச்சல் இங்கே வந்து மீனாகத் தோன்றும்!

இவ்வளவு செய்தும் கோடு நிற்காவிட்டால், தலையைத் தூக்கிச் சுற்றிலும் பாருங்கள். பக்கத்தில் வேறு படகு இருக்கிறதா? நல்ல மீன் உள்ள இடத்தில் படகுகள் கூடுவது இயற்கை. எல்லோரும் 50 அல்லது 200-ல் பேசுகிறவர்கள். எண்ணூருக்கு எதிரே, காமராஜர் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கும் வந்து போகும் பெரிய கப்பல்களும் ஆழம் பார்க்கும் கருவி வைத்திருக்கின்றன. அந்தக் கடல் எவ்வளவு நெருக்கடியானது என்பதை 2017-ம் வருஷம் ஜனவரி 28-ந் தேதி விடியுமுன் இரண்டு கப்பல்கள் அங்கே மோதி, எண்ணெய் கொட்டி, கரையோரத்துக் குப்பங்களெல்லாம் கலங்கியபோது எல்லோரும் அறிந்தோம். அந்த விபத்துக்கும் இந்த யந்திரத்துக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் அத்தகைய கடலில் படகு ஓட்டுகிறவர் பொய்க் கோட்டை ஆராய்ந்துகொண்டு திரையிலேயே கண்ணாக இருப்பது எவ்வளவு அபாயம் என்பதற்கு இது போதுமான ஞாபகம். அப்படிப்பட்ட சமயத்தில் சுருதியை மாற்றலாம். ஓசையின் பலத்தைக் குறைக்கலாம். சற்று விலகிப் போகலாம். வயர்லெஸ்ஸில் அடுத்த படகுக்காரரைக் கூப்பிட்டு, "அண்ணே, நீங்க ஐம்பதுல வைங்க, நான் இருநூறுல வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டால் காரியம் இன்னும் சுலபம்.

இத்தகைய கருவிகளையும் படகு ஓட்டும் வித்தையையும் கற்பிப்பதற்கு இராயபுரத்திலேயே ஸ்தாபனம் இருக்கிறது. 1963-ம் வருஷத்தில் கொச்சியில் தோன்றிய மத்திய மீன்வளக் கடல் பயிற்சி நிலையத்தின் சென்னைக் கிளைதான் அது. குப்பத்துப் பிள்ளைகள் அங்கே போய்ப் படிப்பது, படகுக்கு இன்னொரு யந்திரம் வாங்குவதைவிட அதிகப் பலன் தரும் என்பது நமது அபிப்பிராயம்.

வேடிக்கை என்னவென்றால், மனிதர்கள் யந்திரம் செய்து, அது தகராறு செய்து, பிறகு கண்டுபிடித்த இந்தப் பரிகாரத்தை ஒரு மீன் வெகு காலத்துக்கு முன்பே கண்டுபிடித்து வைத்திருக்கிறது. தென் அமெரிக்க நதிகளில் ஐகன்மேனியா என்று ஒரு மீன் உண்டு. கலங்கிய நீரில், இருட்டில், தன்னைச் சுற்றி மெல்லிய மின்சார அலையைப் பரப்பி வழி கண்டுபிடித்துச் செல்லும். விநாடிக்கு இத்தனை துடிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருதி. ஏறக்குறைய ஒரே சுருதியுள்ள இரண்டு மீன்கள் சந்தித்தால் இரண்டுக்கும் கண் மறைத்தாற்போல் ஆகிவிடும். உடனே என்ன செய்கின்றன? உயர்ந்த சுருதியுள்ளது இன்னும் சற்று உயர்த்திக்கொள்கிறது. தாழ்ந்த சுருதியுள்ளது இன்னும் சற்றுத் தாழ்த்திக்கொள்கிறது. இரண்டும் தத்தம் வழியே தெளிவாகப் பார்த்துக்கொண்டு போகின்றன. வாட்டனாபே, டக்கேடா என்ற இரண்டு ஜப்பானிய விஞ்ஞானிகள் 1963-ம் வருஷத்தில் இதை வெளியிட்டார்கள். வௌவால்களில் சில ஜாதிகளும் கூட்டமாகப் பறக்கும்போது இப்படிச் சுருதியை மாற்றிக்கொள்கின்றன.

படகில்லாத நேயர்களுக்குச் சொல்வதாக வாக்களித்தது இதுதான். சந்தேகம் தீருவதற்காக நாம் இரண்டாவது வைத்தியரைக் கேட்கிறோம். இரண்டாவது பத்திரிகையை வாங்குகிறோம். கல்யாணத்துக்கு வரன் பார்க்கும்போது இரண்டு பேரை விசாரிக்கச் சொல்கிறோம். முதல்வர் சொன்னதைக் கேட்டுவிட்டு அதையே இரண்டாமவர் திருப்பிச் சொன்னால், நமக்குக் கிடைத்தவை இரண்டு அபிப்பிராயங்கள் அல்ல. ஒரே அபிப்பிராயத்தின் எதிரொலியைத்தான் இரண்டாவது தடவை கேட்கிறோம். அதை உண்மை என்று நம்பி வலை இறக்கிவிடுகிறோம்.

ஜூன் மாதம் 14-ந் தேதி நள்ளிரவு தாண்டியதும் காசிமேட்டிலிருந்து படகுகள் புறப்படும். புறப்படுவதற்கு முன் துறைமுகத்திலேயே இரண்டு யந்திரங்களையும் ஒருங்கே முடுக்கிக் கால் மணி நேரம் பார்த்துவிட்டுப் போகிறவருக்குக் கடலில் பல நாள் கவலை மிச்சம்.